சாமி நம் இஷ்டம், மதம் யார் இஷ்டம்?

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. புது வண்டி எடுத்தவர்கள் பாதிப்பேர் ஷோரூமிலிருந்து நேராக இங்கேதான் வருவார்கள். சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனம் குங்குமம், ஒரு பூசணிக்காய், ஸ்டீயரிங்கில் ஒரு முழம் பூ. அந்தக் காலத்துக் கவர்னரின் மெய்க்காவல் படை பக்கத்தில் இருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். கிராமத்தில் எல்லையைக் காத்துக்கொண்டிருந்த முனீஸ்வரருக்குப் பட்டணம் வந்ததும் போக்குவரத்து இலாகா கிடைத்துவிட்டது. இன்றைக்கும் சுருட்டு வைத்துக் கும்பிடுகிறவர்கள் உண்டு.

அங்கே நிற்கிற வண்டி வரிசையைக் கொஞ்சம் கவனித்தால் இன்னொன்று தெரியும். ஒரு ஆட்டோவின் முதுகில் 786 என்று எழுதியிருக்கும். ஒரு காரின் கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும். பூசாரி கேட்பது பெயர், நட்சத்திரம் மட்டும்தான். நட்சத்திரம் தெரியாதென்றால் அதையும் விட்டுவிடுவார். கடவுளைப் பற்றி உங்கள் கருத்து என்ன, எத்தனை கடவுள், உருவம் உண்டா இல்லையா, எதுவும் அங்கே பேச்சில்லை.

அதே வண்டிக்காரர் மறுவாரம் வாடகைக்கு வீடு தேடிப் போகட்டும். அங்கே கேள்விகள் வரும். மாம்பலம் பக்கம் நான் வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸ் தொகையைப் பேசி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" என்றார். சொன்னேன். "சரி, அதுல என்ன?" என்றார். கடவுள் நம்பிக்கை உண்டா என்று அவர் கேட்கவே இல்லை. நான் முழு நாத்திகன் என்று சொல்லியிருந்தால்கூட அவருக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர் தெரிந்துகொள்ள விரும்பியது வேறு.

சென்னையில் ஒருவர் எந்தச் சாமியை எப்படி நினைத்துக்கொள்கிறார் என்பதில் தலையிட ஆள் கிடையாது. ஆனால் எந்த மதத்தில் இருக்கிறார் என்பதில் தலையிட வீட்டுக்காரர் முதல் தாசில்தார் வரை வரிசையில் நிற்கிறார்கள். 'மதம் தனிமனித விஷயம்' என்று மேடையில் சொல்கிறோமே, அது பாதி உண்மை. கடவுள் தனிமனித விஷயம். மதம் அப்படி இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை.

இந்த வேறுபாட்டைத் தமிழர்கள் சமூகவியல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நம் பேச்சிலேயே இருக்கிறது. இஷ்ட தெய்வம், குலதெய்வம், ஊர்த் தெய்வம் என்று மூன்று சொல் வைத்திருக்கிறோம். இஷ்ட தெய்வம் அவரவர் மனசைப் பொறுத்தது. எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். குலதெய்வம் அப்பன் வழியில் வருவது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் குலதெய்வமும் மாறிவிடும், அவளை ஒரு வார்த்தை கேட்காமலேயே. ஊர்த் தெய்வம் குடியிருக்கும் இடத்தால் வருவது. ஆடி மாசம் தெருவில் கூழ் ஊற்ற வசூலுக்கு வரும் இளைஞர்களிடம் 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்று சொல்லிப் பாருங்கள். "நம்பிக்கை இருக்கட்டும் சார், ஐந்நூறு எழுதிக்கட்டுமா?" என்பார்கள். முதல் தெய்வம் தேர்வு, இரண்டாவது பிறப்பு, மூன்றாவது விலாசம்.

என் அம்மாவுக்குக் குலதெய்வம் ஒரு அய்யனார். இஷ்ட தெய்வம் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா. ஆகஸ்ட் கடைசியில் கொடியேறினால் செப்டம்பர் 8-க்குள் ஒரு நாள் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அப்படியே நடந்து அஷ்டலட்சுமி கோயிலுக்கும் போய்விட்டு வருவார். "மாதாகிட்ட எல்லாத்தையும் வெளக்கிச் சொல்ல வேணாம்டா, பொம்பளைக்குப் புரியும்" என்பது அவருடைய இறையியல். அவர் மதம் மாறிவிட்டதாக அவரும் நினைக்கவில்லை, பாதிரியாரும் நினைக்கவில்லை. சாயங்காலத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதட்டும் என்று பயந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் நிற்கிற பெண்களில் பலர் நெற்றியில் குங்குமத்தோடுதான் நிற்பார்கள்.

இந்தத் தனிச் சாமியைப் பற்றிக் கணக்கெடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இந்தியா முழுக்க ஏறத்தாழ 30,000 பேரிடம் பேசி 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் 97 விழுக்காடு. அதைவிடச் சுவையான விஷயம், இந்துக்களில் 'கடவுள் பலர்' என்றவர்கள் 7 விழுக்காடுதான். கடவுள் ஒருவரே, வடிவம் பல என்றவர்கள் 61 விழுக்காடு. ஒரே கடவுள், அவ்வளவுதான் என்றவர்கள் 29. முப்பத்து முக்கோடி தேவர்கள் என்று வெளியார் எழுதிய நாட்டில், மனசுக்குள் பெரும்பாலோர் ஒன்றைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அதே அறிக்கையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லா மதங்களையும் மதிப்பது உண்மையான இந்தியருக்கு மிக முக்கியம் என்று 84 விழுக்காட்டினர் சொன்னார்கள். தங்கள் மதத்துப் பெண்கள் வேறு மதத்தில் கல்யாணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்று இந்துக்களில் 67 விழுக்காட்டினரும் முஸ்லிம்களில் 80 விழுக்காட்டினரும் சொன்னார்கள். இதில் முரண்பாடு இருப்பதாகப் பலர் அப்போது எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பதில் கடவுளைப் பற்றியது, இரண்டாவது பதில் சொந்தபந்தத்தைப் பற்றியது.

மேற்கில் இது வேறு மாதிரி நடந்தது. 1985-ல் சமூகவியலாளர் ராபர்ட் பெல்லாவும் அவருடைய கூட்டாளிகளும் தங்கள் ஆய்வில் ஒரு செவிலியரைப் பற்றி எழுதினார்கள். தேவாலயத்துக்குப் போகாத அந்தப் பெண், கடவுள் உண்டு என்று நம்பினார், தன் நம்பிக்கைக்குத் தன் பெயரையே வைத்து 'ஷீலாயிசம்' என்றார். ஆளுக்கொரு மதம் என்றால் சமூகம் எதை வைத்து ஒன்றாக நிற்கும் என்று பெல்லா கவலைப்பட்டார். பிறகு பிரிட்டனைப் பற்றி சமூகவியலாளர் கிரேஸ் டேவி எழுதியபோது, அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள், ஆனால் எதிலும் சேர்வதில்லை என்றார். சென்னையில் இதைத் தலைகீழாகத்தான் சொல்ல வேண்டும். நம்புகிறவரும் நம்பாதவரும் ஏதோ ஒரு மதத்தில் சேர்ந்தே இருக்கிறார்கள், விலகத்தான் முடிவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் சென்னையில் இந்துக்கள் சுமார் 81 விழுக்காடு, முஸ்லிம்கள் 9-க்கு மேல், கிறிஸ்தவர்கள் 8-ஐ நெருங்கி, சமணர்கள் 1-க்குச் சற்று மேல். மதத்தைக் குறிப்பிடாதவர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. பெரியார் திடல் இருக்கிற ஊர் இது.

தனிமனிதனின் கடவுள் எவ்வளவு தூரம் போகலாம், போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரில் வளர்ந்த ஒருவரைவிட நல்ல உதாரணம் இல்லை. 1823-ல் கடலூர்ப் பக்கம் மருதூரில் பிறந்த இராமலிங்கம், பின்னாளில் வள்ளலார், சிறுவயதிலேயே சென்னைக்கு வந்துவிட்டார். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடியிருந்த வீட்டு மாடியில் கண்ணாடியும் விளக்கும் வைத்து முருகனைக் கண்டார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. பூக்கடைப் பக்கம் இன்றைக்கும் நெரிசலில் மூச்சுத்திணறும் கந்தகோட்டத்தில் நின்று பாடினார். முருகனிலிருந்து திருவொற்றியூர்ச் சிவனுக்குப் போனார். 1850-களின் இறுதியில் பட்டணத்தை விட்டுத் தெற்கே போனபிறகு சிதம்பரத்து நடராசர். கடைசியில் உருவமெல்லாம் கழன்று, வெறும் ஒளி. ஒரே ஆயுளில் ஒரு மனிதனின் கடவுள் இத்தனை முறை மாறியது. மாறியதை அவர் மறைக்கவில்லை, முன்பு சமயங்களில் வைத்திருந்த பற்றைத் தாமே விட்டுவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார்.

கடவுளை இவ்வளவு சொந்தமாக்கிக்கொண்ட ஒருவர் காட்டுக்குப் போயிருக்கலாம். அவர் அடுப்பு மூட்டினார். 1867 மே 23-ல் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் சாதி மதம் கேட்காமல் சோறு போட்டார்கள். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 1872-ல் சத்திய ஞானசபை, உள்ளே விளக்கு, அதற்கு முன் ஏழு திரை. 1874 ஜனவரியில் அறைக்குள் போனவர் பிறகு வெளியே வரவில்லை.

அப்புறம் நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். உருவம் வேண்டாம் என்றவரின் சபையில் லிங்கம் வைத்துப் பூசை நடந்தது. அது அவர் வழிக்கு ஒவ்வாது என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. இப்போது அந்த இடத்தின் நிர்வாகம் இந்து சமய அறநிலையத் துறையிடம். சமயம் கடந்தவருக்கு அரசுக் கோப்பில் ஒரு சமயம் உண்டு. இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. சோறு போட நிலம் வேண்டும், நிலத்துக்குக் கணக்கு வேண்டும், கணக்குக்கு ஆள் வேண்டும். ஒருவரின் அனுபவம் நாலு பேருக்குப் போக வேண்டும் என்றால் அது அமைப்பாகாமல் வழியில்லை. அமைப்பானால் சாவி யாரிடம் என்ற சண்டை வராமலும் இருக்காது.

வள்ளலார் மறைந்து இருபத்து நாலு ஆண்டு கழித்து, 1898-ல், இராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்த சங்கம் தொடங்கினார். அவர் தேடியது வேறு. பௌத்தத்தில் படைத்த கடவுள் என்ற ஒருவரே கிடையாது. தீண்டத்தகாதவர் என்று ஊர் சொன்ன மக்களுக்கு வேறொரு பழைய பெயரும் வரலாறும் உண்டு என்று நிறுவத்தான் அவருக்கு மதம் தேவைப்பட்டது. மதத்தை அவர் சமூகத்தின் ஆயுதமாகவே எடுத்தார், அதை ஒளிக்கவும் இல்லை. 1925-ல் சுயமரியாதை இயக்கம் தொடங்கியபோது பெரியார் பிடித்த முனை இதற்கு நேர் எதிரானது. சமூகத்தில் மதம் செய்கிற வேலை கெட்டதென்றால் கடவுளையே எடுத்துவிடு என்றார். அவரிடமிருந்து பிரிந்து 1949-ல் கட்சி தொடங்கிய அண்ணா, திருமூலர் வரியைக் கையில் எடுத்து 'ஒன்றே குலம், ஒருவனே தேவன்' என்று நின்றார். கட்சித் தொண்டர் வீட்டுக்குள் சாமி படத்தை மாட்டிக்கொள்ளலாம், வாசலில் கொடியையும் கட்டிக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசியலில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான சமரசம் உண்டா என்று தெரியவில்லை. கார்த்திகை மாசம் மின்சார ரயிலில் கறுப்புச் சட்டை போட்டவர் பக்கத்தில் உட்கார்ந்தால், அவர் திடலுக்குப் போகிறாரா சபரிமலைக்குப் போகிறாரா என்று கழுத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தச் சமரசத்தின் எல்லை எங்கே என்பதைக் கல்யாணத்தில் பார்க்கலாம். 1967-ல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தார்கள். புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம், நண்பர்கள் முன்னால் மாலை மாற்றினால் போதும், மோதிரம் போட்டாலும் சரி. பெரிய மாற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் அது இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ என்ற பிரிவு. 'இரண்டு இந்துக்களுக்கிடையே' நடக்கும் திருமணத்துக்குத்தான் அது செல்லும். கடவுளே இல்லை என்று சொல்லி மாலை மாற்றுகிற இரண்டு பேரும் சட்டத்தின் கண்ணில் இந்துக்கள். மணமக்களில் ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம் என்றால், மதம் மாறாமல் சேர 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அங்கே நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அந்த முப்பது நாளில் பெண் வீட்டுக்குத் தகவல் போகாமல் இருக்க வேண்டுமே என்று பதிவுத்துறை அலுவலக வாசலில் நகம் கடித்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னும் கூர்மையான உதாரணம் சூசை வழக்கு. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் அவர். அவரைப் போன்ற தொழிலாளிகளில் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாக பங்க் கடை கொடுத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. அதே தொழில், அதே நடைபாதை, பிறப்பால் அதே ஆதிதிராவிடர். வித்தியாசம் ஒன்றுதான், அவர் கிறிஸ்தவர். 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் கொடுத்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் இன்றுவரை சேர்க்கவில்லை. சூசை உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, புதிய மதத்துக்குள்ளும் அதே கடுமையோடு இழிவுகள் தொடர்கின்றன என்று நிரூபிக்க வேண்டும் என்று 1985-ல் தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இந்த விதியை ஆராய 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஆணையம் அமைத்தது.

சூசையின் மனசுக்குள் இருந்த கடவுள் எப்படிப்பட்டவர் என்று அந்த வழக்கில் யாருக்கும் அக்கறை இல்லை, இருக்கவும் தேவையில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார் என்பதற்கு ஒரு பங்க் கடை விலை இருந்தது, அவ்வளவுதான். தெருவில் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னவர்கள் அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று கேட்டா தள்ளி நிற்கச் சொன்னார்கள்?

மதம் என்றால் கெடுபிடி மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. அப்படியிருந்தால் எப்போதோ காணாமல் போயிருக்கும். 1912-ல் எமில் துர்க்கைம் என்ற பிரெஞ்சுக்காரர், மதத்தின் சாரம் கடவுள் இல்லை, கூடுவது என்று எழுதினார். சேர்ந்து செய்கிற சடங்கில்தான் ஒரு கூட்டம் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது என்பது அவர் வாதம். புரியவில்லை என்றால் பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்றைக்கு மாடவீதியில் போய் நிற்க வேண்டும். பல்லக்குகளில் நாயன்மார்கள் வரிசையாக வருவார்கள். கூட்டத்தில் பாதிப்பேருக்கு அவர்களில் பத்துப் பேரின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் அன்று அந்தத் தெருவில் யாரும் பசியோடு போக முடியாது. நீர்மோர், பொங்கல், புளியோதரை, பிஸ்கட் பாக்கெட் என்று கையில் திணிப்பார்கள். திணிக்கிறவர் முகத்தில் இருக்கிற சந்தோஷம் சாப்பிடுகிறவர் முகத்தில்கூட இருக்காது.

ரம்ஜான் மாசத்தில் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் உணவைப் பல ஆண்டுகளாகப் பரிமாறி வருகிறவர்கள் சூஃபிதார் என்ற அமைப்பினர். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதிகளாக வந்த இந்துக் குடும்பங்கள் சார்ந்தது அது. தலையில் தொப்பியோடு அவர்கள் பரிமாற, நோன்பிருந்தவர்கள் சாப்பிடுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பள்ளிவாசல், தேவாலயம், கோயில் மண்டபம் எல்லாம் திறந்துதான் இருந்தன. அன்றாட வாழ்க்கையில் பார்த்தால் லயோலா, நியூ காலேஜ், விவேகானந்தா என்று இந்த ஊர்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்த கல்லூரிகளில் கணிசமானவை மத அமைப்புகள் தொடங்கியவை. எல்.கே.ஜி. சீட்டுக்குக் கான்வென்ட் வாசலில் விடியற்காலையில் நிற்கிற நாத்திகரை நான் கிண்டல் செய்ய மாட்டேன், நானும் நின்றிருக்கிறேன்.

அதே கூட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பிள்ளையார் சதுர்த்தி என்றால் மாடவீதியில் களிமண் பிள்ளையார், ஒரு வண்ணக் காகிதக் குடை, எருக்கம்பூ மாலை, மூன்றாம் நாள் கிணற்றில் கரைப்பு என்றுதான் இருந்தது. வீட்டுப் பண்டிகை. 1980-களில் அது பெரிய சிலை, லாரி, ஊர்வலம் என்று தெருவுக்கு வந்தது. இன்று சிலை பத்தடிக்கு மேல் போகக்கூடாது, இந்த வழியாகத்தான் வரவேண்டும் என்று போலீஸ் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டினப்பாக்கம் கடற்கரையில் கிரேன் வைத்துக் கரைக்கிறார்கள். பிள்ளையார் அதே பிள்ளையார்தான். ஊர்வலம் பள்ளிவாசல் இருக்கிற தெருவில் திரும்பும்போது மேளம் ஏன் உரக்கக் கேட்கிறது என்பதற்கும் பிள்ளையாருக்கும் சம்பந்தம் இல்லை. பக்தி கூடிவிட்டது என்று இதைச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூடியது எண்ணிக்கை, அதைக் காட்ட வேண்டும் என்ற ஆசை.

என் பெரியப்பா ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கடவுளை மறுத்தவர். கோயில் பிரசாதம் என்று சொல்லாமல் கொடுத்தால் சுண்டலைச் சாப்பிடுவார், சொன்னால் சாப்பிட மாட்டார். தான் செத்தால் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும், காரியம் எதுவும் செய்யக்கூடாது என்று எழுதிவைத்திருந்தார். உடலைக் கொடுத்துவிட்டோம். எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை, சாம்பலும் இல்லை. பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் வந்து நின்றார்கள். எங்கே உட்காருவது, என்ன செய்வது, எப்போது அழுவது, எப்போது சாப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. வீடே தடுமாறியது. பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய் வாழையிலை நறுக்கில் சோறும் பருப்பும் நெய்யும் வைத்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்.

நான் பின்னாலேயே போய், "பெரியம்மா, பெரியப்பாவுக்குத்தான் இதுல நம்பிக்கை கிடையாதே" என்றேன்.

"அவருக்குக் கிடையாதுடா. காக்காவுக்குப் பசிக்கும்ல" என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரில் இலையை வைத்தார். கீழே பந்தி போட ஆரம்பித்திருந்தார்கள்.